மூன்றாவது டைனமோ பற்றி மச்சானுக்கு

திருவண்ணாமலை,
12-8-1979

வேலூரில் இருக்கும் மச்சான் கலீல் ரஹ்மான் அவர்களுக்கு, கவுஸ் பாஷா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உங்கள் தங்கை ஹபீபுன்னிசாவும் நல்ல சுகம். உங்கள் சுகத்தையும், உங்கள் தொப்பையின் சுகத்தையும் தனித்தனியாக எழுதவும்.

"இன்னொரு டைனமோ எரிஞ்சா காரைப் பிடுங்கி வித்துடுவேன், உனக்கு ஓட்டத் தெரியலை" என்று எழுதியிருந்தீர்கள். எரிந்துவிட்டது மச்சான். உட்கார்ந்துகொண்டு மேலே படிக்கவும். உங்கள் காரை விட்டால் எனக்கு வேறு பிழைப்பு இல்லை, அது உங்களுக்கே தெரியும். ஆனால் தப்பு என்னுடையது இல்லை. கண்ணால் பார்த்ததை எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை கோயில் குருக்கள் தியாகேசனைக் குடும்பத்தோடு ஏற்றிக்கொண்டு போளூருக்கு ஒரு கிரகப்பிரவேசத்துக்குப் போனேன். ஊருக்குள் உருட்டும்வரை சாதுவாக இருந்த வண்டி, போளூர் ரோட்டில் கொஞ்சம் விரட்டினதும் பேட்டரி சார்ஜைக் காட்டுகிற மீட்டர் முள் ஒரு கோடிக்குத் தாவி நின்றது, பானெட்டுக்குள்ளிருந்து புகை வந்தது, குருக்கள் எட்டிப் பார்த்து, "ஹோமத்தை வண்டியிலயே ஆரம்பிச்சுட்டியா பாஷா?" என்றார். கடைசியில் இறங்கித் தள்ளும்படி ஆகிவிட்டது. "தேர் இழுக்கிற ஊருங்க சாமி, இதென்னா பிரமாதம்?" என்றேன். "தேருக்கு வடமாவது இருக்கும்டா" என்று பஞ்சகச்சத்தைச் செருகிக்கொண்டு அவரும் தள்ளினார்.

மறுநாள் செங்கம் ரோட்டில் எலக்ட்ரீஷியன் முருகையனிடம் விட்டேன். போன தடவையே அவன் பெல்ட்டை மாற்றி, சார்ஜை அளந்து விடுகிற கட்-அவுட் பெட்டியை மாற்றி, பேட்டரியை முகர்ந்துகூடப் பார்த்துவிட்டான். இந்தத் தடவை புது டைனமோவை மாட்டினான். நான் டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால், அவனிடம் வேலை பழகுகிற பையன் குழாயடியில் கைகால் கழுவிக்கொண்டு வந்து, ஒரு செப்புத் தாயத்தைக் கண்ணில் ஒற்றி, டைனமோவின் முதுகில் கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிற ரெண்டு ஒயர் ஆணிக்கும் சேர்த்துச் செப்புக் கம்பியால் கட்டுகிறான்!

"டேய், என்னாடா இது?"

"அண்ணி கட்டினதுண்ணே. பழைய டைனமோவுல இருந்துச்சு, புதுசுக்கும் பக்தியா கட்டிட்டேன். போன தடவையும் நான்தான் கட்டினேன்."

"ரெண்டு ஆணிக்கும் நடுவுல கம்பி இருந்தா டைனமோ எரியாதா?"

"கம்பின்னா எரியும்ணே. இது தாயத்தாச்சே!"

அப்படியே தலையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய் உங்கள் தங்கையைக் கேட்டேன். அவள் கொஞ்சமும் அசராமல், "எதிர்வீட்டு ஆதிலட்சுமி கண்ணு வண்டி மேலயே இருக்கு. நம்மகிட்ட வந்தப்பவே கட்டினேன். டைனமோ எரியுதுன்னா தாயத்துல பவர் கம்மி, இரு, ஜாஸ்தியா ஓதி இன்னொண்ணு வாங்கியாறேன்" என்கிறாள். மச்சான், ஒருத்தி கட்டுகிறாள், ஒருத்தன் அதைக் காப்பாற்றிக் கட்டுகிறான், நடுவில் ஓட்டத் தெரியாதவன் என்று பேர் வாங்கினது நான்.

தாயத்தைக் கழற்றிவிட்டேன். வேட்டவலம்வரை விரட்டிப் பார்த்தேன், முள் நகரவில்லை, லைட் பளிச்சென்று எரிகிறது. ஆகையால் காரை என்னிடமே விட்டுவைக்கவும், இனி ஒரு குறையும் வராது. உங்கள் வீட்டில் எல்லோருக்கும் சலாம், பிள்ளைகளுக்கு என் முத்தம், அல்லா உங்களுக்கு நீண்ட ஆயுளும் குறைந்த கோபமும் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
கவுஸ் பாஷா

பி.கு. எழுதி ரெண்டு நாளாகக் கடிதம் அப்படியே கிடக்கிறது, கவர் ஒட்டுமுன் ஒரு சங்கதி. ஓதினதை வீணாக்கக் கூடாது என்று உங்கள் தங்கை அதே தாயத்தை நேற்று என் கையில் கட்டினாள். கார் ஜோராக இருக்கிறது. எனக்குத்தான் நேற்று ராவிலிருந்து உடம்பு கொதிக்கிறது, நிற்க முடியவில்லை. "பார்த்தியா, பவர் கம்மி" என்று அவள் இன்னொன்று வாங்கக் கிளம்பிவிட்டாள். காரை நீங்களே வந்து எடுத்துக்கொள்ளுங்கள் மச்சான். சீக்கிரம் வாருங்கள், போகும்போது என்னையும் வேலூர் ஆஸ்பத்திரியில் இறக்கிவிடலாம்.