இருபதுக்கு எண்பது பைனாகுலரும் எங்கள் ஆன்டெனாக் கம்பமும்

லப்பைக்குடிகாடு,
24-3-1998

மதிப்பிற்குரிய மருமகன் நசீர் அவர்களுக்கு மாமா ஷேக் தாவூது எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் கிருபையால் இங்கே மாமி ஹஃபீசா, தங்கள் மனைவி பெனாசிர் எல்லோரும் சுகம். என் வலது தோள்பட்டை மட்டும் சுகமில்லை. ஷார்ஜாவில் தங்கள் உடம்பையும் வேலையையும் அல்லாஹ் மேலாக்கி வைப்பானாக.

அங்கிருந்து விடுமுறையில் ஊருக்கு வந்த ஜாவித் தம்பியிடம் தாங்கள் கொடுத்தனுப்பிய பைனாகுலர் வந்து சேர்ந்தது. அடடா, என்ன பொருள்! இப்படி ஒரு மருமகன் யாருக்குக் கிடைப்பார் என்று தெருவே பேசுகிறது. பெட்டியில் எடை கூடிவிட்டதால் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே வந்த ஜாவித், இன்னும் கோடாலித் தைலம் தேய்த்துக்கொண்டு ஒருபக்கமாகத்தான் திரும்பிப் பேசுகிறார். இதைக் குறையாகச் சொல்லவில்லை. நான் கேட்டது ஏழுக்கு ஐம்பது. ஏழு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடி ஐம்பது மில்லிமீட்டர் அகலம், வெறும் கையில் பிடித்தாலே வானம் ஆடாமல் நிற்கும் என்று நூலகப் புத்தகத்தில் படித்துத்தான் கேட்டேன். மாமாவுக்கு எதற்குச் சின்னது என்று தாங்கள் இருபதுக்கு எண்பது வாங்கிவிட்டீர்கள். டேப் ரிக்கார்டர் என்றால் பெரிது வாங்குவதுதான் சரி. பைனாகுலர் அப்படியில்லை மாப்பிள்ளை. வானத்தை இருபது மடங்கு பெரிதாக்கும்போது என் கைநடுக்கத்தையும் சேர்த்தல்லவா பெரிதாக்குகிறது!

எனக்கு இருப்பது ஒரே ஆசை. ஓரியன் கூட்டத்தில் வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களுக்குப் பக்கத்தில் ஒரு நெபுலா இருக்கிறதாம், நட்சத்திரங்கள் பிறக்கிற ஒளிமேகம். காலமெல்லாம் ஜவுளிக்கடையில் துணி கிழித்தே கழித்தவன், அதை ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும். மொட்டைமாடியில் நின்று பார்த்தேன், நட்சத்திரமெல்லாம் தட்டான்பூச்சியாகப் பறந்தது. கயிற்றுக்கட்டிலில் மல்லாந்து பார்த்தேன், கை சோர்ந்து பைனாகுலர் மூக்கில் விழுந்தது. கைப்பிடிச் சுவரில் வைத்தேன், அது வானத்தை விட்டுவிட்டு எதிர்வீட்டு முற்றத்தைப் பார்த்தது. அந்த வீட்டு இருசம்மாள், "என்ன பாய், எங்க வூட்டுல என்ன கொழம்புன்னு பாக்குறீங்களா?" என்று கேட்டுவிட்டார். மானம் போனது. கடைசியில் டி.வி. ஆன்டெனாக் கம்பத்தில் சைக்கிள் டியூப் போட்டுக் கட்டினேன். ஆடவே இல்லை. ஓரியனைத் தேடிப் பிடிக்கக் கம்பத்தைக் கொஞ்சம் திருப்ப வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை என்பதும், தெருப் பெண்களெல்லாம் கீழே நம் வீட்டில் படம் பார்க்கிறார்கள் என்பதும் எனக்கு எப்படி நினைவிருக்கும்? நான் மேலிருந்து "வந்துருச்சு, வந்துருச்சு!" என்கிறேன், கீழிருந்து மாமி "போயிருச்சு, போயிருச்சு!" என்கிறார். கதாநாயகன் தாலியைக் கையில் எடுத்த நேரமாம். அவன் யார் கழுத்தில் கட்டினான் என்று இன்றுவரை தெருவில் ஒருவருக்கும் தெரியாது.

நெபுலா என் கண்ணில் படுமுன்பே கம்பத்தைப் பழையபடி திருப்ப வைத்து, பெண்கள் கூடித் தீர்ப்பு சொல்லிவிட்டார்கள். பைனாகுலர் கம்பத்திலேயே இருக்கட்டும், ஆனால் நான் கம்பத்தில் விரல் வைக்கக் கூடாது. திருப்ப முடியாத பைனாகுலரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? பெனாசிரோ, "அத்தா, அவங்க ஆசையா வாங்குனது, கொறை சொல்லி எழுதிறாதீங்க, மனசு நொந்துருவாங்க" என்கிறாள். அதனால் குறையாக எழுதவில்லை. மாற்றி ஏழுக்கு ஐம்பதாக வாங்கித் தாருங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். ஜாவித் அடுத்த வாரம் திரும்பும்போது இதை அவர் கழுத்திலேயே மாட்டி அனுப்புகிறேன். அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

தங்கள் சம்பாத்தியத்தில் பரக்கத் பெருகட்டும். தங்கள் கைபட்ட காரியமெல்லாம் ஜெயமாகட்டும்.

தங்கள் அன்புள்ள மாமா,
ஷேக் தாவூது

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் கணக்கில் எடுக்க வேண்டாம். கடிதம் என் சட்டைப்பையில் இருக்கும்போதே அடுத்த ஞாயிறு வந்துவிட்டது. நான் கம்பத்தைத் தொடாமல் இருக்கக் காவலுக்கு மாடியேறிய மாமி, பொழுது போகாமல் பைனாகுலரில் கண்ணை வைத்திருக்கிறார். "ஏங்க, பஞ்சு பஞ்சா என்னமோ வருதுங்க!" நான் தேடிய ஒளிமேகமேதான். நாம் கம்பத்தைத் திருப்பவே வேண்டாமாம், பேசாமல் இருந்தால் வானமே நகர்ந்து வந்து கண்ணாடிக்கு முன்னால் நிற்கிறது. கீழே இருந்த பெண்களெல்லாம் மேலே ஓடி வரிசை கட்டிவிட்டார்கள். "பொம்பளைங்க பாத்து முடிக்கட்டும், நீங்க கீழ போய் இருங்க" என்று மாமி என்னை இறக்கிவிட்டார். அதனால் பைனாகுலரை மாற்ற வேண்டாம், தெருவில் கலகம் வரும். இப்போது நான் மட்டும் தனியாக டி.வி. முன்னால் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். படம் கண்ணாடி மாதிரித் தெரிகிறது.