டாக்டர் எடுத்த காவடி

வேண்டுதலை வாய் தவறிச் சொன்னாலும் சொன்னது சொன்னதுதான். (எங்கள் திருத்தணிப் பக்கம் இதில் பேரம் கிடையாது.) அந்தச் சட்டத்தால் என் மானம் போனது; அவஸ்தைப்பட்டவர் வேறொருவர்.

எண்பதுகளின் தொடக்கம். எனக்கு வலது தொடை இடுக்கில் குடலிறக்கம். நாளெல்லாம் காலால் தறி மிதிக்கிற பிழைப்பு. தறி நின்றால் அடுப்பும் நின்றது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் புஷ்பக் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டேன். முடிந்தது. தையல் ஆறுவதற்குள் காவடியைத் தூக்கிக்கொண்டு முந்நூற்று அறுபத்தைந்து படியும் ஏறினேன். உச்சியில் "அரோகரா!" என்று கத்தியபோதே உள்ளே ஏதோ விட்டுப்போனது. திரும்பவும் ஆபரேஷன், திரும்பவும் காவடி, திரும்பவும் குடலிறக்கம். (புத்தி மட்டும் திரும்பவில்லை.)

மூன்றாவது முறையும் மெட்ராஸில், முதல் இரண்டு ஆபரேஷனையும் செய்த அதே டாக்டர் முன்னால் போய் நின்றேன்.

"என்னய்யா, நான் தைக்கிறதும் நீ மலையில போய்ப் பிரிக்கிறதுமா இருக்கு? இந்தத் தடவை உள்ளே வலை வெச்சுத் தைக்கப்போறேன். இதுவும் போச்சுன்னா தறியை மறந்துடு."

வலைத் துண்டைக் காட்டினார். கொசுவலை மாதிரி இருந்தது. பாவு நூல் எது, ஊடை நூல் எது என்று விரலால் தேடினேன்.

"இது தறியில நெய்ஞ்சதே இல்லீங்களே சார், நிக்குமா?"

"உன் சதையே இதுக்குள்ள வளர்ந்து பிடிச்சுக்கும். நீ எதையும் தூக்காம இருந்தா போதும்."

முதுகில் ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே நான் இல்லை. கையில் போட்ட இன்னொரு ஊசியில் விளக்குகள் கரைந்து மேகமாயின. மேகத்துக்குள்ளிருந்து எங்கள் மலை மெல்ல மிதந்து வந்தது. படியெல்லாம் பஞ்சு. கால் படாமலே ஏறினேன். மல்லிகை மணத்தது. (டெட்டால் என்று பிற்பாடு சொன்னார்கள்.) எனக்கு முன்னால் பச்சை அங்கியோடு, முகத்தில் துணி கட்டிய ஒருவர் காவடி சுமந்து போனார். அவ்வளவு அழகு, எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"முருகா, இந்த வலை நிக்கணும். நின்னா நம்ப டாக்டர் உனக்குக் காவடி எடுப்பாரு!"

இதை வாய்விட்டு, அதுவும் கதறிச் சொன்னேனாம். இரண்டு நர்சுகள் சாட்சி.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் என் மனைவி டாக்டரிடம் கை கூப்பினாள்.

"எனக்குச் சாமி நம்பிக்கையே இல்லம்மா" என்றார் அவர்.

"நம்பிக்கை எங்களுக்கு இருக்குதுங்க, நீங்க தூக்கினா போதும். நீங்க வரலைன்னா இவருதான் ஏறுவாரு. இப்பவே பூவுக்குச் சொல்லிகினு இருக்காரு."

டாக்டர் என்னைப் பார்த்தார். பிறகு என் தையலை ரொம்ப நேரம் பார்த்தார்.

ஆடிக் கிருத்திகைக்கு வந்துவிட்டார், தொந்தியும் மஞ்சள் வேட்டியுமாக. தோளில் காவடியோடு இருபது படிக்கு ஒருதரம் நின்று மூச்சு வாங்கினார். மூச்சு வந்ததும் என்னைத் திட்டினார். அவருடைய மூக்குக்கண்ணாடிக் கூட்டை மட்டும் நான் எடுத்து வந்தேன். "யோவ், நீ எதையும் தூக்காத!" என்று பாதி வழியில் அதையும் பிடுங்கிக்கொண்டார். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் அந்த முதுகில் வேர்வை வழிவதைப் பார்க்க எனக்கு இரண்டு கண் போதவில்லை.

வலை இன்றுவரை விட்டுக்கொடுக்கவில்லை. பதினெட்டு வருஷம் தறி மிதித்தேன். இப்போதும் நான் தண்ணீர்க் குடத்தின் பக்கம் குனிந்தால் போதும், உள்ளேயிருந்து மனைவியின் குரல் வரும்:

"இருங்க, இருங்க! டாக்டருக்குச் சொல்லி அனுப்பறேன், அவரு வந்து தூக்கட்டும்!"