தொட்டிக்குள் ஒரு சாவு

என் மனைவி டாக்னியைக் காப்பாற்ற, கொலை செய்வதென்று முடிவெடுத்தேன். ஒன்றிரண்டு இல்லை, கோடிக்கணக்கில்.

பயப்படாதீர்கள், நுண்ணுயிர்கள்தான். எங்கள் ஜட்லாந்துப் பண்ணைத் தொட்டிக்குள் இருக்கின்றன. காற்றாலை மின்சாரத்தால் தண்ணீரிலிருந்து பிரித்த ஹைட்ரஜனையும், சாணி வாயுவில் மிஞ்சும் கரியமில வாயுவையும் தின்றுவிட்டு மீத்தேனாக ஏப்பம் விடும். அந்த ஏப்பத்தை எரித்து ஊரே குளிர்காய்கிறது. டாக்னிக்கோ இருமினால் ரத்தம் வருகிறது. இன்னொரு குளிர்காலம் பண்ணையில் இருந்தால் ஆள் மிஞ்சாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"ஆர்ஹுஸ் டவுனுக்குப் போயிடலாம் டாக்னி. உன் தங்கச்சி வீட்ல ரெண்டு பேருக்கும் இடமிருக்கு."

"இதுங்களுக்கு யாரு சாப்பாடு போடுவா? நீயா? இதுங்க உயிரோட இருக்கிறவரைக்கும் நான் நகரமாட்டேன்."

அவள் ஆஸ்பத்திரியில் கிடந்த நாளெல்லாம் ஹைட்ரஜன் வால்வை இறுக்கி மூடிவைத்தேன். மீத்தேன் மானியின் முள் பூஜ்யத்தில் படுத்துவிட்டது.

வீடு திரும்பியவளிடம் மூக்கை உறிஞ்சினேன். "எல்லாம் போயிடுச்சு, டாக்னி."

அவள் அழவில்லை. பெட்டியைக்கூடப் பிரிக்காமல் காபி போட்டாள். எங்கள் ஊரில் சாவென்றால் காபி வைத்து, போனவர்களைப் பற்றி நாலு வார்த்தை பேசியாக வேண்டும். தொட்டியோரம் நின்று நானும் பேசினேன். நன்றாகவே பேசினேன்.

"தங்கமான பிள்ளைங்க! இதுங்க மட்டும் பிழைச்சு வந்தா, காலம்பூரா நானே கூட இருந்து பார்த்துப்பேன்!"

"நிஜமாவா?"

"சத்தியமா!"

டாக்னி குனிந்து பார்த்தாள். "வால்வு மூடியிருக்கே, எஸ்பென்?"

"காத்துல மூடியிருக்கும்."

"திருகி மூடுற வால்வா?"

திறந்துவிட்டாள். காபி ஆறுவதற்குள் முள் எழுந்து நின்றது.

"பட்டினி போட்டா இதுங்க சாகாது. தூங்கும். எத்தனை தடவை சொல்லியிருக்கேன், காதுல வாங்கினியா?" என்றபடி பெட்டியைத் தூக்கினாள்.

"எங்கே கிளம்பிட்டே?"

"ஆர்ஹுஸுக்கு. இங்க பார்த்துக்கத்தான் ஆள் கிடைச்சாச்சே."

வாசலில் நின்று இருமினாள். கைக்குட்டையை மடித்து மறைத்துக்கொண்டாள். நான் பார்க்காத மாதிரி நின்றேன்.

இப்போது வெளியே பனி. நானும் தொட்டியும்தான். அவள் தேறுகிறாளா என்று கேட்டால் தங்கை பேச்சை மாற்றுகிறாள். டாக்னி தினமும் போன் செய்கிறாள். மூச்சு வாங்க வாங்க முதல் கேள்வி:

"பிள்ளைங்க சாப்பிட்டாச்சா?"

"ஆச்சு. நான்தான் இன்னும் சாப்பிடலை."

"நீ தாங்குவே. பட்டினி போட்டா தூங்குற ஜாதிதானே நீயும்!"