நாலு வயதுக்கு அறுபத்து நாலு பக்கம்

குழந்தைகளுக்கு எழுதுவதுதான் உலகத்திலேயே சுலபமான வேலை என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். எனக்கும் என் மனைவிக்கும் குழந்தை இல்லை என்பதால், அந்த நம்பிக்கையைக் கெடுக்க வீட்டில் ஆளும் இல்லை.

பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பம்ப் கம்பெனியில் அளவு சரிபார்க்கிற வேலை எனக்கு. அளவில் ஒரு நூல் கூடினாலும் சாமானைத் திருப்பி அனுப்பிவிடுவேன். (பட்டறைக்காரர்கள் என் பரம்பரையையே திட்டியிருக்கிறார்கள்.) அப்பேர்ப்பட்ட நான், தங்கை மகளின் காதுகுத்துக்குத் தாய்மாமன் சீரோடு, நானே எழுதிய கதைப் புத்தகம் ஒன்றையும் வைப்பது என்று முடிவு செய்தேன். கிணற்றில் விழுந்த நாய்க்குட்டியின் கதை.

எழுதியதைத் தூக்கிக்கொண்டு ஒரு பதிப்பகத்துக்குப் போனேன். அங்கிருந்த அம்மணி புரட்டிப் பார்த்துவிட்டு, "எந்த வயசுக் குழந்தைக்குங்க?" என்றார்.

"குழந்தைக்குத்தாங்க," என்றேன்.

அவர் பொறுமையாகச் சொன்னார். "மூணு நாலு வயசுன்னா படந்தாங்க கதை சொல்லோணும், பக்கத்துக்கு ஒரு வரி போதும். ஆறு ஏழுன்னா அவங்களே எழுத்துக்கூட்டிப் படிக்கற மாதிரி சின்னச் சின்ன வாக்கியம். ஒம்பது பத்துன்னா அத்தியாயம் பிரிச்சு எழுதலாம். இந்த மாதிரி துக்கமெல்லாம் பன்னெண்டு வயசுக்கு மேலதாங்க தாங்கும்."

கதைக்கு என்ன அளவு, பனியனா வாங்குகிறோம் என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டே வெளியே வந்து, சொந்தமாக அச்சடித்துவிட்டேன். அறுபத்து நாலு பக்கம். ஒரே ஒரு படம், அதுவும் கிணறு.

காதுகுத்து அவிநாசிப் பக்கம், தங்கை வீட்டுக் குலதெய்வக் கோயிலில். மொட்டை போட்ட நாலு வயதுக்காரி என் மடியில் வந்து உட்கார்ந்தாள். அந்த ஒரு நாளாவது அவள் என் குழந்தை என்று எனக்குக் கர்வமாக இருந்தது. ஆசாரி ஊசியை எடுத்ததும் நெளிந்தாள். பயத்தை மறக்கடிக்கலாமே என்று புத்தகத்தைப் பிரித்துப் படித்தேன்.

முதல் பத்துப் பக்கம் நன்றாகத்தான் போனது. ஆசாரியே ஊசியைக் கீழே வைத்துவிட்டு, "ஏனுங்க, கடைசில குட்டி மேல வந்துதுங்களா இல்லீங்களா?" என்றார்.

வந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். எழுத்தாளனாயிற்றே, பொய் சொல்லலாமா. "இல்லீங்க, செத்துப்போச்சுங்க," என்றேன்.

குழந்தை வீறிட்டாள். ஊசி இன்னும் காதுப்பக்கமே வரவில்லை. என்னைப் பார்த்துத்தான் அழுதாள். "மாமன் வேண்டா, மாமன் நாய்க்குட்டியக் கொன்னுபோட்டாங்க" என்று மடியை விட்டு இறங்கி ஓடினாள். சுற்றி நின்ற சில்வண்டுகளும் காரணம் தெரியாமலே கூட அழுதன. நல்ல நேரம் முடியப் பத்து நிமிடம்தான் இருந்தது.

"அண்ணா, நீங்க கொஞ்சம் எந்திரிங்க," என்றாள் தங்கை. என் முகத்தை அவள் பார்க்கவில்லை.

கருமத்தம்பட்டியில் தறி ஓட்டுகிற எங்கள் பெரியம்மா மகன் (காலண்டரைத் தவிர எதையும் படித்தறியாதவன்) என் இடத்தில் உட்கார்ந்து நாக்கைத் துருத்திக் காட்டினான். அவள் சிரித்துக்கொண்டே போய் அவன் மடியில் ஏறிக்கொண்டாள். காது குத்தியாயிற்று. நான் சீர்த்தட்டுகளுக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவமானம் ஒரு பக்கம் இருக்கட்டும், மடி காலியானதுதான் எனக்குத் தாங்கவில்லை. அன்று கிடா விருந்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

வருடங்கள் ஓடிவிட்டன. அந்த வீட்டில் எந்தக் குழந்தை சாப்பிட அடம்பிடித்தாலும் இன்றைக்கும் ஒரே மிரட்டல்தான். "சோறு உங்கறயா, மாமனைக் கதை சொல்லச் சொல்லட்டுமா?" நான் கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போதே சொல்வார்கள். நானும் சிரித்துவைப்பேன்.

இப்போது தங்கைக்கு மூன்று வயதில் ஒரு மகன். அவனுக்கென்றே பன்னிரண்டு பக்கத்தில் ஒன்று எழுதினேன். பக்கம் முழுக்கப் படம், கீழே ஒரு வரி, ஒருவரும் சாகவில்லை. "இப்பச் சரியா இருக்குதுங்க," என்று பதிப்பகத்து அம்மணியே சொல்லிவிட்டார். போன ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு போய் அவன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து முதல் பக்கத்தைப் பிரித்தேன். பையன் என்னைப் பார்த்தான், புத்தகத்தைப் பார்த்தான். பிறகு யாரும் ஒன்றும் சொல்லாமலே அடுப்படிக்கு ஓடிப்போய், அவன் அம்மா முன்னால் வாயை அகலமாகத் திறந்துகொண்டு நின்றான்.