மோப்பம் பிடித்த பேய்

கடைத்தெரு மாடிப்படியில் விடிவதற்குள் வரிசை வந்துவிடும். ஆளுக்கொரு அழுக்குச் சட்டை. துவைத்தால் பேயின் வாசனை போய்விடுமாம். மேலே மோப்ப ஞானி உட்கார்ந்திருப்பார். சட்டையை முகர்வார், கண்ணை மூடுவார், உடுத்தியவரைப் பிடித்திருக்கும் பேயின் வயதுவரை சொல்லிவிடுவார். அவருக்குச் சளி பிடித்து மூக்கடைத்த நாளிலும் கூட்டம் குறையவில்லை. அன்றும் துல்லியமாகச் சொன்னாராம்.

அந்த வரிசையில் ஒரு தையல்காரரும் அவர் மனைவியும் நின்றார்கள். தையல்காரர் துணியைத் தொடுமுன் கை கழுவுவார். போதாது என்று தோன்றும், மறுபடி கழுவுவார். தன் கையழுக்கு துணியில் ஏறி, அதை உடுத்தும் பிள்ளை செத்துப்போகும் என்று பயம். வீண் பயம் என்று அவருக்கே தெரியும். தெரிந்தும் கை குழாய்க்குப் போகும். ஒரு சட்டை வெட்டவே அரைநாள். தெரு அவரைச் ‘சுத்தக்காரர்’ என்று கேலி செய்தது.

ஞானி முகர்ந்து, நீர்ப்பேய் என்றார். தான் விற்கும் மந்திரத் தண்ணீரில் ஒவ்வொரு முறையும் ஏழு தடவை கழுவச் சொன்னார். எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றும் வைத்தியம்! ஒரே மாதத்தில் தையல்காரரின் விரல்கள் வெடித்தன. யாருடையதோ வெள்ளைச் சட்டையில் ரத்தம் பட்டது. கத்தரிக்கோலை வைத்துவிட்டு வீட்டோடு முடங்கினார்.

ஞானி சொல்வது புரட்டு என்று மனைவிக்கு அப்போதுதான் உறைத்தது. மறுவாரம் தனியாகப் போய் ஒரு நீலச் சட்டையை நீட்டினாள். ஞானி ஆழமாக முகர்ந்தார்.

“மூணு பேய். ராத்திரி தூங்கமாட்டான். பொண்டாட்டிகிட்ட ஓயாத சண்டை. சரிதானே?”

“இன்னும் கல்யாணமே ஆகலைங்க,” என்றாள் அவள். “எங்க கடை வாசல்ல நிக்கிற பொம்மையோட சட்டை இது. அதுக்குத் தலைகூடக் கிடையாது.”

பொம்மைக்கும் பேய் பிடிக்கும் என்று ஞானி ஆரம்பித்தார். அதற்குள் சிரிப்பு படியிறங்கித் தெருவுக்குப் போய்விட்டது. மறுநாள் மாடி பூட்டிக் கிடந்தது. பூட்டுக்கு முன்னால் ஒருவர் மட்டும் சட்டையோடு காத்திருந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பிறகு மனைவி தையல்காரரை அழைத்துப்போன மனநல மருத்துவர் எதையும் முகரவில்லை, சொன்னதைக் கேட்டார். இது நோய், ஒரே எண்ணம் விடாமல் அரிக்கும், கழுவினால் சற்று அடங்கும், அடங்குவதாலேயே வளரும் என்றார். மாத்திரை தந்தார். கழுவாமல் துணியைத் தொட்டுப் பழகச் சொன்னார். முதல் நாள் தையல்காரர் ஒரு குழந்தைச் சட்டையைப் பிடித்தபடி குழாயையே பார்த்தார்.

“ஒரே ஒரு தடவை கழுவிக்கட்டுமா?”

“கொஞ்சம் பொறுங்க. நான் இங்கதான் இருக்கேன்,” என்றாள் மனைவி.

பயம் ஏறியது. நின்றது. மெல்ல இறங்கியது. இன்னும் முழுக்கக் குணமாகவில்லை. ஆனால் மாலைக்குள் இரண்டு சட்டை முடிகிறது.

பல்வலி வந்தால் யாரும் பேயைத் தேடுவதில்லை. மனத்துக்கு நோய் வந்தால் மட்டும், மூளையை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டா புறப்படுவது?