ஆஸ்பத்திரி மேசையில் அப்பன் செய்த கலாட்டா

திண்டுக்கல்,
12-7-1963

மரியாதைக்குரிய மச்சான் உடையப்பன் அவர்களுக்குத் தாடிக்கொம்பு நாச்சிமுத்து எழுதுவது. இவ்விடம் இடது முழங்கால் நீங்கலாக அனைவரும் நலம். அவ்விடம் அக்காளும் மாடு கன்றும் நலந்தானே?

உங்கள் மகன் சேதுபதிக்கு ஆவணியில் முகூர்த்தம் வைக்க வேண்டும், உன் மகள் அழகம்மாளின் சமூக சேவைப் படிப்பை நிறுத்திக் கூட்டி வா என்று நீங்கள் உத்தரவு போட்டபடி, அவள் வேலை பழகுகிற ஆஸ்பத்திரிக்கு நேற்றுப் போனேன் மச்சான். பெரிய மேசை, சுற்றிலும் டாக்டர், நர்ஸம்மா, காலேஜ் டீச்சரம்மா, எதிரே நம் பிள்ளை ஒண்டியாக நிற்கிறது. "அந்த ஆள் வீட்டுக்கு ஏம்மா போனே?" என்கிறார் டாக்டர். "அவன் பொண்டாட்டிகிட்ட என்ன பேசுனே?" என்கிறது நர்ஸம்மா. இவளோ தலையைக்கூடக் குனியாமல், "நீங்க சொன்னது அவங்களுக்கு வெளங்கலை டாக்டர்" என்கிறாள்! நான் படித்த எட்டாம் வகுப்பில் இதெல்லாம் ஏது? ஊர்க்கூட்டத்தில் பிள்ளையை நிறுத்தி விசாரித்தால் பெற்றவன்தானே விழ வேண்டும்? துண்டை இடுப்பில் கட்டினேன், ஓடினேன், டாக்டர் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன். "சாமி, சின்னப்புள்ள தெரியாமப் பண்ணிருச்சு, ஊரை விட்டுத் தள்ளிராதீக!"

"அப்பா, எந்திரிங்க! இது பஞ்சாயத்து இல்ல, பாடம்!"

காசநோய்க்காரன் ஒருத்தன் மருந்தைப் பாதியில் விட்டானாம். ஏன் விட்டான் என்று வீடு தேடிப்போய்க் கேட்டு வருவது இவள் வேலையாம். பிறகு டாக்டரும் நர்ஸும் இவளும் கூடிப் பேசித்தான் வைத்தியமாம். எந்திரிக்க எனக்கு முடிந்தால்தானே? முழங்கால் பூசணிக்காயாக வீங்கி, கட்டிலில் போட்டுவிட்டார்கள்.

டாக்டருக்கே எதிர்ப்பேச்சுப் பேசுகிறவள் நாளைக்கு மாமனாரை விடுவாளா? ஆகையால் நடக்க முடிந்ததும் கையோடு கூட்டி வருகிறேன். நாள் குறித்துவிடுங்கள். அக்காளுக்குக் கும்பிடு, பிள்ளைகளுக்கு ஆசி.

இப்படிக்கு,
நாச்சிமுத்து

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் வேறு கதையாகிவிட்டது. வண்டி வைத்து வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லியும் நான் கட்டிலை விடவில்லை என்று இன்று என்னைப் பற்றியே கூடிவிட்டார்கள். சொந்த மகள் விசாரிக்கக் கூடாதாம், கூடப் படிக்கிற செபாஸ்தியம்மாள் வந்து, "ஏன்யா வீட்டுக்குப் போகத் தயங்குறீக? யாருக்குப் பயம்?" என்று கேட்டுவிட்டது. இந்த வயது வரை என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை மச்சான், கொட்டிவிட்டேன்: பிள்ளை படித்து முடிக்கட்டும் என்றுதான் எனக்கும் ஆசை, மச்சானுக்குப் பயந்துதான் வந்தேன் என்று. அது அப்படியே மேசையில் போய்ச் சொல்லிவிட்டது. குடும்பத்தாரையும் வைத்துப் பேச வேண்டுமாம், செவ்வாய்க்கிழமை உங்களை வரச் சொல்கிறார்கள். கோபத்தில் வராமல் இருந்துவிடாதீர்கள். வராதவர்கள் ஏன் வரவில்லை என்று வீட்டுக்கே போய்க் கேட்டுவர அழகம்மாளைத்தான் அனுப்புவார்களாம்.