ஒல்லாந்தர் கல்லறையும் ஒரு பி.காம் சீட்டும்

அன்பும் மரியாதையும் மிக்க மச்சான் ஆதிநாராயணன் அவர்களுக்கு, தோணிரேவிலிருந்து உங்கள் தங்கை புருஷன் எல்லப்பன் கும்பிட்டு எழுதுவது. இங்கே நான், சரோஜா, படகு மூவரும் சுகம். அங்கே அக்காவும், பிளஸ் டூ முடித்துவிட்டு டோலக் அடிப்பதே தொழில் என்று திரியும் உங்கள் மகன், மாப்பிள்ளை வடிவேலுவும் சுகமா?

உங்கள் மருமகள், என் மகள் சாமுண்டீஸ்வரிக்குத்தான் ஆபத்து. காய்ச்சல் இல்லை, சரித்திரம். பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கியிருக்கிறாளே, பி.காம் படித்து பேங்கில் ஃபேன் காற்றில் உட்காரட்டும் என்று நான் பார்த்தால், "நைனா, பழவேற்காட்டுல ஒல்லாந்துக்காரங்க கல்லறை கீதே, அதுல இன்னா எழுதிக்கீதுன்னு தெரிஞ்சிக்கணும். நான் சரித்திரம்தான் படிப்பேன்" என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். அந்த டச்சுக்காரர் கல்லறை வாசலில் இரண்டு எலும்புக்கூட்டைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள் மச்சான். அந்தப் படிப்புப் படித்தால் உடம்பு என்ன கதி ஆகும் என்று அவர்களே காட்டியிருக்கிறார்கள். காலேஜில் சேர அடுத்த வாரம் திங்கட்கிழமை கடைசி நாள். அழுதாள், சாப்பிடமாட்டேன் என்றாள், பிறகு என்னைவிட அதிகமாகச் சாப்பிட்டாள், மனசு மட்டும் மாறவில்லை.

சரி, ஏரியில் எவன் எந்த இடத்தில் வலை போடுவது என்று சீட்டுக் குலுக்கிப் பாடு பிரிக்கிறோமே, அதை எதிர்த்து ஊரில் யாரும் பேச முடியாதே என்று, தலைவர் பொன்னுரங்கத்தை வீட்டுக்கு அழைத்து, பி.காம் ஒரு சீட்டு, சரித்திரம் ஒரு சீட்டு எழுதிக் குலுக்கினேன். பி.காம் விழுந்தது. சரோஜாவிடம் டீ போடச் சொல்லி நான் வாய் மூடவில்லை, இவள் எழுந்து, "தலைவரே, பாடுன்னா இன்னிக்கி ஒரு எடம், நாளைக்கி வேற எடம், மாறித்தானே ஆவணும்? பி.காம் இன்னியோட முடிஞ்சிது. நாளைக்கி சரித்திரம்" என்கிறாள். அவர் என் டீயைக் குடித்துக்கொண்டே, "பொண்ணு சொல்றது கரெக்டுபா, முறைன்னா முறைதான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அப்படியானால் மறுநாள் மறுபடியும் பி.காம் முறை வருமே என்று எனக்குத் தோன்றியபோது அவர் தெருவைத் தாண்டியிருந்தார்.

கோபத்தில் அவளை அந்தக் கல்லறைக்கே இழுத்துப் போனேன், "இங்க எவன் உனுக்கு சம்பளம் குடுப்பான், காட்டு" என்று கேட்க. அங்கே ஒரு வயதான வெள்ளைக்கார அம்மா தன் முன்னோர் ஒருவரைக் கல் கல்லாகத் தேடிக்கொண்டிருந்தார். நம் பெண் அந்த முன்னோரின் பேரைக் கேட்டாள், கல்லில் உள்ள பேர்களை மட்டும் எழுத்துக்கூட்டிப் படித்து வைத்திருக்கிறாள் போல, நேரே போய் ஒரு கல்லின் மேலிருந்த சருகைத் தள்ளிக் காட்டினாள். அந்த அம்மா அதன்மேல் கை வைத்து அழுதார். யார் வீட்டுச் சாவு என்றே தெரியாமல் நானும் அழுதேன். மகளைப் பார்க்கப் பெருமையாக இருந்தது, அதை அவளிடம் சொல்லவில்லை. நான் மசியவும் இல்லை. தாய்மாமன் நீங்கள்; ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து நாலு அதட்டு அதட்டி அவளைப் பி.காமில் சேர்த்துவிடுங்கள்.

அம்மன் புண்ணியத்தில் உங்கள் வீட்டில் குறை என்பதே வராமல் இருக்கட்டும். சரோஜா உங்களுக்கு இறால் கருவாடு கட்டி வைத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
எல்லப்பன்

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடப் போகும்போது வேனில் வந்த ஆட்கள் கல்லறைக்கு வழி கேட்டார்கள். வழி காட்டத்தான் போனேன். மகள் சொல்லிக் கேட்டதையெல்லாம் சொன்னேன், கைதட்டினார்கள். மூன்றாவது கல்லருகே ஒருவர், "இவரு யாருங்க?" என்று கேட்டுவிட்டார். எனக்குத் தெரியவில்லை, மானம் போய்விட்டது. ஆகையால் அவளை அதட்ட வேண்டாம், சரித்திரத்திலேயே சேர்த்துவிடுங்கள். அந்தக் கல்லுக்குக் கீழே இருப்பது யார் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். விழுந்த பி.காம் சீட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். பாடு பிரித்த இடத்தைச் சும்மா விடக்கூடாது, வடிவேலுவிடம் கொடுத்துவிடுங்கள், ஃபேன் காற்றில் அவன் உட்காரட்டும்.